டேகேர் லைசென்ஸ் பேக்கேஜ்: எதுக்கு காசு குடுக்கலாம், எதுக்கு குடுக்கவே கூடாது

லைசென்ஸ் கைக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. வீட்டுலயே டேகேர் ஆரம்பிக்கணும்னு நெனைக்கிற ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு மூணு பேர் "நீ சேந்தியே அந்த ட்ரெய்னிங், எப்படி இருந்துச்சு, நாங்களும் சேரலாமா"னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி எனக்கு தொண்டையே கட்டிக்கிச்சு, அதான் ஒரேயடியா எழுதிடலாம்னு. பசங்கள தூங்க வச்சுட்டு ராத்திரி பத்தரைக்கு டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. ட்ரெய்னிங் சென்டர் பேர் போடல, போடவும் மாட்டேன், ஏன்னா இன்னும் அவங்களோட ஒரு பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு, அத கடைசில சொல்றேன்.

பேக்கேஜ்ல என்னென்னன்னா, ஆறு வாரம் ஆன்லைன் கிளாஸ், ஒரு முழு நாள் நேர்ல முதலுதவி, அப்புறம் நெஜ இன்ஸ்பெக்‌ஷன் வர்றதுக்கு முன்னாடி அவங்க ஆள் ஒருத்தர் நம்ம வீட்டுக்கே வந்து பாக்குற மாக் இன்ஸ்பெக்‌ஷன். இதுக்கு மேல தனியா காசு கட்டினா "ரெடிமேட் ஃபைல்"னு ஒண்ணு தருவாங்க. மொத்தமா அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுப்பேன். பிரிச்சு போடணும்னா மாக் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அஞ்சு, முதலுதவிக்கு நாலு, ஆன்லைன் கிளாஸுக்கு ரெண்டு, ஃபைலுக்கு ஸ்டாரே கெடையாது.

ஆன்லைன் கிளாஸ முதல்ல முடிச்சுடறேன், சொல்றதுக்கு பெருசா ஒண்ணுமில்ல. ஸ்லைட்ல இருக்கறத அப்படியே வாசிச்சாங்க. கைய எப்படி கழுவணும்னு 20 செகண்ட் கதை, தடுப்பூசி ரெக்கார்ட் வாங்கி வைங்க, காய்ச்சல் 38 டிகிரிக்கு மேல போனா பெத்தவங்கள கூப்பிட்டு அனுப்பிடுங்க, ஒரு வயசுக்கு கீழ தேன் குடுக்காதீங்க, இதெல்லாம் லைசென்ஸ் ஆபீஸே சும்மா குடுக்குற கையேட்டுல இருக்கு. ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் ஒரு க்விஸ், தப்பா க்ளிக் பண்ணா சரியான பதில காட்டிட்டு திரும்ப போட சொல்லும், அப்புறம் யாரு ஃபெயில் ஆவா. என் கூட சேந்த ஒருத்தங்க சமையல் பண்ணிட்டே வீடியோவ ஓட விட்டு முடிச்சுட்டாங்க.

ஒரே ஒரு கிளாஸ் மட்டும் நல்லா சூடு பிடிச்சுது, குழந்தைய தூங்க வைக்கிறத பத்தினது. எங்க பேட்ச்ல பேரன் பேத்தி எடுத்த ஒரு அம்மா இருந்தாங்க, "நாலு புள்ளைய குப்புற போட்டுத்தான் வளத்தேன், நாலும் நல்லாத்தானே இருக்கு"ன்னு ஒரே போடு போட்டாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள அதே கேள்விதான், என் பெரியவன் மல்லாக்க போட்டா தூங்கவே மாட்டான். அதுக்கு அந்த டீச்சர் கோவப்படாம பதில் சொன்னாங்க: 1992ல அமெரிக்க குழந்தை மருத்துவர் அகாடமி குப்புற போட வேண்டாம்னு சொன்னாங்க, 1994ல அதையே நாடு முழுக்க பிரச்சாரமா கொண்டு போனாங்க, அடுத்த பத்து வருஷத்துக்குள்ள தூக்கத்துல காரணமே தெரியாம செத்துப்போற குழந்தைங்க எண்ணிக்கை அங்க கிட்டத்தட்ட பாதியா கொறஞ்சுதாம். உங்க நாலு புள்ளைங்களும் தப்பிச்ச நெறைய பேர்ல சேந்தவங்க, தப்பாதவங்க வீட்டு அம்மா இந்த கிளாஸுக்கு வந்து பேச மாட்டாங்கன்னு மெதுவா சொன்னாங்க. யாரும் ஒரு நிமிஷம் பேசல. அதுக்கு அடுத்து சொன்னதுதான் டேகேர் நடத்துறவங்களுக்கு முக்கியம். வீட்டுல எப்பவும் மல்லாக்க தூங்கி பழகின குழந்தைய நம்ம எடத்துல மொத மொதல்ல குப்புற போட்டா, ஆரம்பத்துலேர்ந்தே குப்புற தூங்கற குழந்தைய விட அதுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். புது எடம் அழுவுதேன்னு எரக்கப்பட்டு நாம செய்யுற காரியமே வெனையாயிடும். கார் சீட்லயே தூங்கிட்டு வர்ற குழந்தையும் அப்படித்தான், "பாவம் எழுப்ப வேணாம்"னு சீட்டோட தரைல வச்சுட்டு போயிடறோம்ல, தலை முன்னாடி சாஞ்சு தாடை நெஞ்சுல இடிச்சா மூச்சுக்குழல் மடங்கிடும். எழுந்துக்கிட்டு கத்தினாலும் பரவால்ல, தூக்கி சமமான மெத்தைல மல்லாக்க போடணும். தலகாணி, பொம்மை, தடிமனான போர்வை ஒண்ணும் உள்ள இருக்கக்கூடாது.

இந்த ஒரு கிளாஸுக்காக ரெண்டு ஸ்டார், இல்லன்னா ஒண்ணுதான்.

முதலுதவி நாள் காலைல ஒம்போதுலேர்ந்து சாயந்திரம் அஞ்சு வரைக்கும். இத வீடியோ பாத்து கத்துக்கலாம்னு நெனைக்காதீங்க, நான் அப்படித்தான் நெனச்சுட்டு போனேன். 30 தடவ அமுக்கி 2 மூச்சு குடுக்கணும், நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 வேகம்னு எழுதி வச்சு ஒப்பிச்சுடலாம், ஆனா ரெண்டாவது நிமிஷத்துல கை நடுங்குறது அந்த பொம்மை மேல கைய வச்சாதான் தெரியும். கைக்குழந்தைக்கு 4 சென்டிமீட்டர் ஆழம் அமுக்கணும்ங்கறாங்க, அந்த சின்ன நெஞ்சுல 4 சென்டிமீட்டர்ங்கறது எவ்வளவு ஆழம் தெரியுமா, நான் பயந்து பயந்து மேலாப்புல தடவிட்டு இருந்தேன், பொம்மைக்குள்ள இருக்குற க்ளிக் சத்தம் வரவே இல்ல. ட்ரெய்னர் பக்கத்துல வந்து "நீங்க இப்ப கொஞ்சிட்டு இருக்கீங்க, காப்பாத்தல"ன்னாங்க. ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா அதுக்கப்புறம் சத்தம் வந்துச்சு.

தொண்டைல எதாவது சிக்கிட்டா செய்யறதும் சொல்லிக்குடுத்தாங்க. ஒரு வயசுக்கு கீழன்னா முன்னங்கை மேல குப்புற போட்டு, தலை நெஞ்ச விட தாழ இருக்கற மாதிரி பிடிச்சு, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடிப்பகுதியால அஞ்சு தட்டு, திருப்பி மல்லாக்க போட்டு நெஞ்சுல அஞ்சு அழுத்து, வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. கண்ணுக்கு தெரியாத ஒண்ண எடுக்கறேன்னு வாய்க்குள்ள வெரல விட்டு தொழாவக்கூடாது, இன்னும் உள்ள தள்ளிடும். இத நாங்க எட்டு பேர், ஒரே ஒரு குழந்தை பொம்மைய வச்சுட்டு பண்ணோம். எட்டு பேருக்கு ஒரு பொம்மை! மொத்த நாள்ல என் கைக்கு அது வந்தது மூணு தடவ. அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கொறச்சேன். சர்டிஃபிகேட் பெரும்பாலும் ரெண்டு வருஷம்தான் செல்லும், எப்படியும் திரும்ப போகணும், அடுத்த தடவ ஆளுக்கொரு பொம்மை குடுக்கற எடமா பாத்து போவேன்.

இப்ப மாக் இன்ஸ்பெக்‌ஷன். காசு வசூல் ஆனது இங்கதான்.

வந்தவங்க ஐம்பது வயசு இருக்கற ஒரு மேடம், இருபது வருஷமா சொந்தமா டேகேர் நடத்தினவங்களாம். நான் முந்தின நாள் பூரா வீட்ட கழுவி தொடச்சு பளபளன்னு வச்சிருந்தேன். உள்ள வந்தாங்க, சுத்தி முத்தி பாத்தாங்க, "டாய்லெட் பேப்பர் தீந்து போன அட்டைக் குழாய் ஒண்ணு இருந்தா குடுங்கம்மா"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. குப்பைல கெடந்தத எடுத்து குடுத்தேன். அத வாங்கிட்டு சேலையோட அப்படியே ஹால் தரைல முட்டி போட்டு தவழ ஆரம்பிச்சாங்க. நெஜமாவே தவழ்ந்தாங்க. சோஃபாவுக்கு அடில கைய விட்டு செஸ் சிப்பாய் ஒண்ண எடுத்து குழாய்க்குள்ள போட்டாங்க, டொக்குன்னு இந்த பக்கம் விழுந்துச்சு. இதுக்குள்ள போறது எதுவும் மூணு வயசுக்கு கீழ உள்ள குழந்தை கைக்கு எட்டக்கூடாதுன்னாங்க. பொம்மை கம்பெனிங்க டெஸ்ட் பண்ற குழாய் 3 சென்டிமீட்டர் சொச்சம்தான் அகலம், இந்த அட்டை அத விட பெருசு, அதனால இதுல விழாத சாமான்னா இன்னும் நிம்மதியா இருக்கலாமாம். அரை மணி நேரத்துல ஒரு கிண்ணம் நெறைய சேத்துட்டாங்க: சட்டை பட்டன், பேனா மூடி, என் பொண்ணோட ஹேர் க்ளிப், காசு, ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தம். பளபளன்னு தொடச்ச வீடு!

அந்த கிண்ணத்துலேர்ந்து ஒண்ண மட்டும் தனியா எடுத்து டேபிள் மேல வச்சாங்க, பட்டன் பேட்டரி, அலங்கார விளக்குலேர்ந்து கழண்டது. மத்ததுல பெரும்பாலும் அடைச்சாத்தான் ஆபத்து, இது முழுங்கிட்டு மூச்சு நல்லா வந்தாலும் ஆபத்து, உணவுக்குழாய்ல சிக்குச்சுன்னா எச்சில் பட்டு கரண்ட் பாய்ஞ்சு ரெண்டே மணி நேரத்துல சதைய அரிச்சுடும், சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு சொன்னாங்க. நான் அதுவரைக்கும் பேட்டரிக்குள்ள இருக்கற கெமிக்கல் ஒழுகினாத்தான் பிரச்சனைன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

அப்புறம் பாத்ரூம். ஒரு தெர்மாமீட்டர் எடுத்து சுடு தண்ணி குழாய்க்கு அடில பிடிச்சாங்க, 60 காட்டுச்சு. 60 டிகிரி தண்ணில பெரியவங்க தோலே அஞ்சாறு செகண்ட்ல வெந்து போயிடுமாம், குழந்தை தோல் இன்னும் மெலிசு, அதையே 49க்கு எறக்கி வச்சா பெரியவங்க தோலுக்கு கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம் ஆகும், குழந்தைக்கு அத விட கொறச்சல்னாலும் நாம ஓடி வர நேரம் கெடைக்கும். வாட்டர் ஹீட்டர்ல இருக்கற ஒரு திருகு, அத நான் அஞ்சு வருஷமா தொட்டதே இல்ல. மாப் பக்கெட்ல அடில கொஞ்சூண்டு தண்ணி நின்னுட்டு இருந்துச்சு, ஒண்ணும் சொல்லாம அத மட்டும் கவுத்து வச்சுட்டு வந்துட்டாங்க. தலை கனமா இருக்கற வயசு, உள்ள எட்டி பாத்து விழுந்தா எழுந்துக்க தெரியாது, அதுக்கு அஞ்சு சென்டிமீட்டர் தண்ணி போதும்.

நாத்தனார் குடுத்த பழைய தொட்டில ஆசையா பெயின்ட் அடிச்சு வச்சிருந்தேன், பக்கவாட்டு கம்பி மேலயும் கீழயும் எறங்குற டைப். அத பாத்ததும் "இது வேணாம்மா, யாருக்கும் குடுக்கவும் வேணாம், ஒடச்சு போட்டுடுங்க"ன்னாங்க. அந்த எறங்குற பக்கம் நாளாக நாளாக கழண்டு இடுக்கு விடும், குழந்தை அதுல மாட்டிக்கும், அமெரிக்கால 2011லயே இந்த டைப்ப விக்கவே கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல 6 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது, மெத்தைக்கும் ஓரத்துக்கும் நடுவுல ரெண்டு வெரல் போனா அதுவும் வேண்டாம்னு கைய விட்டு காட்டினாங்க. பெயின்டுக்கு ரெண்டு நாள் செலவு பண்ணது என் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. பேக்கேஜ்ல இந்த விசிட்ட கடைசில வச்சிருக்காங்க பாருங்க, அது தப்பு. சாமான் வாங்கறதுக்கு முன்னாடி, முதல் வாரத்துலயே வந்திருந்தா எனக்கு பாதி செலவு மிச்சம்.

கிளம்பற நேரத்துல என் மாமியார் ஹால்ல உக்காந்திருந்தாங்க, பக்கத்துல தரைல அவங்க ஹேண்ட்பேக். "அம்மா, பையில மாத்திரை வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டாங்க மேடம். ப்ரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, தலைவலி தைலம் எல்லாம் உள்ள. மருந்து அலமாரிக்கு பூட்டு போட்டு சாவிய ஒளிச்சு வச்ச நான் அந்த பைய யோசிக்கவே இல்ல. என் மாமியாருக்கு மொகம் சுருங்கிடுச்சு, "என் பையில கை விடற அளவுக்கா வளப்பாங்க புள்ளைங்கள"ன்னு என்னப் பாத்து கேட்டாங்க. "அத்தை, வர்றது அடுத்தவங்க புள்ளைங்க, இன்னும் வளக்கவே ஆரம்பிக்கல"ன்னேன். மேடம் சிரிச்சுட்டாங்க, மாமியாரும் அப்புறம் சிரிச்சாங்க. இப்ப வாசல் பக்கத்துல ஆள் ஒசரத்துக்கு ஒரு ஆணி, வர்ற பை எல்லாம் அதுல, பெத்தவங்க பையும் சேத்து.

கிருமிநாசினி விஷயத்துலயும் நான் தப்புதான் பண்ணிட்டு இருந்தேன்னு தெரிஞ்சுது, ஸ்ப்ரே அடிச்ச உடனே தொடச்சுடுவேன். முதல்ல சோப்பு போட்டு அழுக்க எடுக்கணும், அப்புறம் ஸ்ப்ரே, பாட்டில் மேல எத்தன நிமிஷம்னு போட்டிருக்கோ அவ்வளவு நேரம் ஈரமா விட்டுத்தான் தொடைக்கணும். ப்ளீச்சோட வேற க்ளீனர கலக்கவே கூடாது, விஷ வாயு வரும். டயப்பர் மாத்தற எடத்துக்கு கிட்ட இருக்கேன்னு கிச்சன் சிங்க்ல கை கழுவறதும் கூடாது.

சரி, கொற என்னன்னா, இந்த பேக்கேஜ்ல வீட்டு மனுஷங்கள பத்தி ஒரு வார்த்தை கெடையாது. நான் ஆறு குழந்தைன்னு கணக்கு போட்டு வீட்டுக்காரர்கிட்ட பெருமையா எழுதி காட்டினேன், அப்ளிகேஷன் போட போனப்பதான் என் சொந்த பசங்க ரெண்டு பேரும் அந்த ஆறுக்குள்ள வருவாங்கன்னு தெரிஞ்சுது. எடத்துக்கு எடம் ரூல் மாறும், ஆனா சின்ன வயசுல சொந்த குழந்தை இருந்தா அதையும் எண்ணுற எடங்க நெறைய, மொதல் கிளாஸ்ல மொதல் வாக்கியமா சொல்ல வேண்டிய விஷயம் இது. பின்னணி விசாரணை எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன், வீட்டுல தங்கியிருக்கற பெரியவங்க எல்லாருக்கும்னாங்க, வீட்டுக்காரர், மாமியார், ரெண்டு மாசம் வேலை தேடி வந்து தங்கியிருந்த கொழுந்தன் வரைக்கும். அவர் கைரேகை குடுக்க போகவே மூணு வாரம் ஓடிச்சு, அவரு ஒருத்தருக்காக மொத்த ஃபைலும் நின்னுட்டு இருந்துச்சு. வாடகை வீடுன்னா ஓனர் லெட்டர், வீட்டு இன்சூரன்ஸ்ல தொழில் நடத்தினா பெரும்பாலும் கவர் ஆகாதுங்கறது, சாயந்திரம் ஆறு மணிக்கு வர வேண்டிய பெத்தவங்க ஏழு மணிக்கு வந்தா என்ன பண்றது, இதெல்லாம் நானா மோதி மோதி கத்துக்கிட்டது.

நெஜ இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மேடம் புண்ணியத்துல வீட்டுல ஒரு குத்தமும் கண்டுபிடிக்கல. ஆனா வந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "நடக்கத் தெரியாத குழந்தை ரெண்டு, நடக்கற குழந்தை மூணு, கிச்சன்ல தீ, நீங்க மட்டும்தான் இருக்கீங்க, எப்படி வெளிய போவீங்க, செஞ்சு காட்டுங்க." நான் ரெண்டு தலகாணிய ரெண்டு கைல தூக்கிட்டு நின்னேன். நின்னேன், அவ்வளவுதான். கதவு தொறக்க கை இல்ல. அப்பதான் எனக்கு ஒறச்சுது, கைக்குழந்தை ஒரு ஆளுக்கு ரெண்டுக்கு மேல வேண்டாம்னு கிளாஸ்ல மனப்பாடம் பண்ண வச்சாங்களே, அது இதுக்குத்தான், மனுஷிக்கு இருக்கறது ரெண்டு கை. ஆறு வாரத்துல அந்த நம்பர எத்தன க்விஸ்ல க்ளிக் பண்ணியிருப்பேன், ஏன்னு ஒருத்தரும் சொல்லல. பின் வாசல் தாழ்ப்பாள முழங்கையால தொறக்கற மாதிரி மாத்திட்டு, பெரிய குழந்தைங்க ஒரு கயித்த பிடிச்சுட்டு வரிசையா வர்ற மாதிரி பழக்கிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வர சொன்னேன். இப்ப மாசம் ஒரு தடவ பசங்களோட பண்றோம், தேதி நேரம் எத்தன நிமிஷம் எல்லாம் நோட்ல எழுதி வைக்கிறேன். போன வாரம் ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட், ஒருத்தன் ஷூ போட்டாத்தான் வருவேன்னு உக்காந்துட்டான்.

கடைசியா அந்த ரெடிமேட் ஃபைல். "நூறு சதவீதம் லைசென்ஸ் கேரண்டி"ன்னு போட்டு வித்தாங்க. லைசென்ஸ் குடுக்கறது அரசாங்கம், இவங்க எப்படி கேரண்டி குடுப்பாங்கன்னு அப்பவே யோசிச்சிருக்கணும், யோசிக்கல. பெத்தவங்களோட போடற ஒப்பந்தம், மருந்து குடுக்க அனுமதி ஃபாரம், அடிபட்டா எழுதற ரிப்போர்ட், வருகை பதிவு எல்லாம் உள்ள இருக்கும், பேர மட்டும் போட்டுக்கலாம்னாங்க. தெறந்து பாத்தா மூணாம் பக்கத்துல வேற ஒரு டேகேரோட பேர் அப்படியே இருக்கு, யாரோ முன்னாடி வாங்கினவங்களோடது. ஒப்பந்தத்துல "எங்கள் நீச்சல் குளத்தைச் சுற்றிலும் வேலி உள்ளது"ன்னு ஒரு வரி. என் வீட்டுல நீச்சல் குளமே கெடையாது. இத அப்படியே குடுத்திருந்தா இன்ஸ்பெக்டர் குளத்த காட்டுன்னு கேட்டிருப்பாங்க. அடிபட்டா எழுதற ஃபாரம்ல பெத்தவங்க கையெழுத்து போட எடமே இல்ல. மொத்தத்தையும் தூக்கி போட்டுட்டு லைசென்ஸ் ஆபீஸ் குடுக்கற சாம்பிள் ஃபாரங்களயே எடுத்து நாலு நாள் ராத்திரி உக்காந்து நானே எழுதினேன், அதுல ஒரு திருத்தம் கூட சொல்லல அவங்க.

அந்த மேடம் மாதிரி ஆளுங்க வீட்டுக்கு வர்ற விசிட்ட மட்டும் தனியா விக்கிறாங்களான்னு கேளுங்க, எங்க சென்டர்ல கேட்டா குடுக்கறாங்க, வெப்சைட்ல மட்டும் போட மாட்டாங்க. முதலுதவி எப்படியும் கட்டாயம், அத எங்க வேணா பண்ணிக்கலாம். ஃபைல் காசு திருப்பி கேட்டு மூணு மெயில் போட்டிருக்கேன், முதல் ரெண்டுக்கு பதில் இல்ல, மூணாவதுக்கு "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு வந்துச்சு. காசு வந்தா இங்கயே அப்டேட் பண்றேன்.